புழு மனையில் மாதா

சின்னப்பன்கொட்டாயில் எல்லா வீட்டிலும் பட்டுப்புழு வளர்த்த காலத்தில், அரூர் போகிற பஸ் அந்த வளைவுக்கு வந்ததும் டிரைவர் வைப்பரைப் போட்டுவிடுவார். வானத்தில் பொட்டு மேகம் இருக்காது. கண்ணாடியில் ஒரு சொட்டு விழுந்திருக்காது. கொட்டாய் முழுக்கப் புழு தழை தின்கிற சத்தம் சடசடவென்று ரோடு வரைக்கும் கேட்கும். மழை பிடித்துக்கொண்டது என்று அவர் கை தானாகப் போகும். புதிதாக வேலைக்கு வந்த கண்டக்டர் ஒருவர் ஜன்னல் ஷட்டரையெல்லாம் இறக்கிவிட்டு, ஊர் தாண்டிய பிறகுதான் ஏற்றினார். இதில் பொய் இருக்கிறது என்று யாராவது நினைத்தால், அந்த டிரைவர் ரிட்டையர் ஆகி கம்பைநல்லூரில்தான் இருக்கிறார், போய்க் கேட்டுக்கொள்ளலாம். அவருக்குக் காது மட்டும் கேட்காது.

அந்தச் சத்தம் இப்போது ஒரே ஒரு வீட்டில்தான் மிச்சம். சவரி வீட்டில். சவரி வீடு என்று சொல்வது ரேஷன் கார்டுக்காக. வீடும், வீட்டுக்குப் பின்னால் இருக்கிற புழு மனையும், அதற்குப் பின்னால் இருக்கிற மல்பெரித் தோட்டமும் அவர் மனைவி இன்னாசியம்மாள் சொல்படி நடக்கிறவை. சவரியும்தான்.

மற்றவர்கள் ஒவ்வொருவராக விட்டார்கள். சிலபேர் குச்சிக்கிழங்கு போட்டார்கள். சிலபேர் தக்காளி போட்டுவிட்டு, தக்காளி போட்டதற்காக வருத்தப்பட்டார்கள். சிலபேர் ஓசூருக்குப் போனார்கள். சவரியின் மகன் லியோனும் ஓசூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். போன கோடையில் ஒரு பேட்ச் புழு வெயிலில் போயிற்று. அதற்கடுத்த பேட்ச் பால் நோய் வந்து, தட்டுத் தட்டாகக் கொட்டிப் புதைக்க வேண்டியதாயிற்று. அன்றைக்குக் குழியை மூடிவிட்டு வந்து சவரி சொல்லிவிட்டார்.

"இந்தா பாரு புள்ள. இன்னும் ஒரு பேட்ச். அதும் போச்சுன்னா ஜேசிபியைக் கூப்ட்டு செடியை வேரோட புடுங்கிடறேன். லியோன் கம்பெனியில செக்யூரிட்டி வேலை இருக்குதாம். வூட்டைப் பூட்டிட்டுப் போயிடலாம்."

"நீங்க செக்யூரிட்டியா? தூங்கறதுக்குச் சம்பளம் குடுக்கற கம்பெனியா அது?"

"லியோன் விசிலு வாங்கியாந்து குடுத்துட்டான்."

அது நிஜம். சவரி அந்த விசிலை ஒரு நாள் சாயங்காலம் ஊதிப் பார்த்தார். முற்றத்தில் மேய்ந்துகொண்டிருந்த கோழிகள் உயர வாரியாக வரிசையில் நின்றன. சேவல் மட்டும் லேட்டாக வந்து கடைசியில் நின்றுகொண்டது. அவருக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்துவிட்டது.

இன்னாசியம்மாளுக்குத்தான் ஓசூர் ஒட்டவில்லை. ஓசூரில் லியோன் இருக்கிறது மூணாவது மாடி. போன கிறிஸ்துமசுக்குப் போயிருந்தபோது பக்கத்து வீட்டுக் கதவு ஒரு தடவைகூடத் திறக்கவில்லை. விடிகாலையில் அவள் கண் விழிப்பது கோழி கூவி அல்ல, புழு தின்கிற சத்தத்தில். கல்யாணமாகி வந்த முதல் நாள், மழை பெய்கிறது என்று வெளியே காய்ந்த துணியை எடுக்க ஓடியவள் அவள். நல்ல நிலா வெளிச்சம். மாமியார் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அந்தச் சத்தம் இல்லாத வீட்டில் எதைக் கேட்டு எழுந்திருப்பது?

அப்படி இருக்கும்போது வந்ததுதான் இந்த ஐப்பசி பேட்ச்.

மழை விடவில்லை. வத்தல்மலையில் இருக்கவேண்டிய குளிர் கீழே இறங்கி வந்து கொட்டாயில் வாடகைக்குக் குடியிருந்தது. புழுவுக்கு ஈரத் தழை ஆகாது. அறுத்து வந்த தழையை வீட்டுக்குள் கயிறு கட்டித் தொங்கவிட்டு, ஃபேனைப் போட்டு, அதற்கும் காயாததை சவரி தன் பழைய வேட்டியால் ஒவ்வொரு இலையாகத் துடைத்தார். துடைத்துத் துடைத்து, சாப்பிட உட்கார்ந்தபோது களியையும் ஒரு தடவை துடைத்துவிட்டுத்தான் அவரைக்கொட்டைக் குழம்பில் தொட்டார் என்று சொல்வார்கள். நான் பார்க்கவில்லை.

புழுக்கள் நாலாவது தடவை தோலுரித்து எழுந்துவிட்டன. அதற்கப்புறம் ஒரு வாரம் போலத் தின்னும். பிறகு உடம்பு தேன் நிறத்துக்கு வரும், வெளிச்சத்தில் பிடித்தால் ஊடே தெரியும். அதைத்தான் பழுத்துவிட்டது என்பார்கள். பழுத்த புழு தின்னாது. தலையைத் தூக்கிக்கொண்டு கூடு கட்ட இடம் தேடும். அன்றைக்கே பொறுக்கி மூங்கில் சந்திரிகையில் விட்டால், சுருள் சுருளான அதன் சந்துகளில் கூடு கட்டும். விட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

வாரம் முடிந்தது. புழுக்கள் பழுக்கவில்லை. வெள்ளை வெளேரென்று கிடந்து தின்றுகொண்டே இருந்தன. கரி அடுப்பு வைத்துச் சூடு காட்டினார்கள். சூட்டில் பசி கூடியதுபோல இன்னும் தின்றன. தோட்டத்தில் தழை ஓரமாகக் குறைந்துகொண்டே வந்தது. தழை தீர்ந்த அன்றைக்குப் புழு பழுக்காமல் இருந்தால், மூணாவது குழி. அதற்குப் பிறகு விசில்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் பங்குச் சாமியார் பிரசங்கம் வைத்தார். "ஆண்டவர் கோயில்ல மட்டும்தான் இருக்கார்னு நெனைச்சிட்டீங்களா? உங்க அடுப்பங்கரையில இருக்கார். நீங்க களை வெட்டற காட்டுல இருக்கார். உங்க வேலைக்குள்ள அவரை நம்பிக் கூப்புடுங்க" என்றார். கோயிலில் இருந்த மற்றவர்கள் இதை நல்ல பிரசங்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். இன்னாசியம்மாள் இதை யோசனை என்று எடுத்துக்கொண்டாள்.

அக்டோபர் ஜெபமாலை மாதம். கொட்டாயில் மாதா சொரூபம் வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஒரு ராத்திரி. கண்ணாடி போட்ட மரப்பெட்டிக்குள் மாதா நின்றிருப்பாள். நீலம் அங்கங்கே உரிந்து, வலது கையில் சுண்டுவிரல் கிடையாது. அந்தச் சுண்டுவிரல் போன கதையை நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள். நாலும் நான் சொல்லிக் கொடுத்ததுதான். சாயங்காலம் எல்லோரும் கூடி ஜெபமாலை சொல்வார்கள், சுண்டல் கொடுப்பார்கள், மறுநாள் மாலை பாட்டுப் பாடி அடுத்த வீட்டுக்குத் தூக்கிப் போவார்கள். அந்த வாரம் முறை இன்னாசியம்மாள் வீட்டுக்கு வந்தது.

பெட்டியை நடுவீட்டில் மேசைமேல் வைக்கப் போன சவரியைத் தடுத்தாள்.

"அங்க வேணாங்க. மனைக்கு எடுத்தாங்க."

"எங்க?"

"புழு மனைக்கு."

"புத்தி கித்தி கெட்டுப்போச்சா உனுக்கு? மாதாவைக் கொண்டுபோயி புழுவோட வெக்கறதா?"

"சாமியாரு என்னா சொன்னாரு? வேலைக்குள்ள கூப்புடுன்னாருல்ல? எனுக்கு வேலை அங்கதான் இருக்குது. நடுவூட்டுல என்னா இருக்குது? நீங்க தூங்கற கட்டிலு."

சவரி பெட்டியைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"ஏ புள்ள, நேத்து மாதா இருந்த வூட்டுல பூனை இருக்குது. கோழியெல்லாம் உள்ளயே படுத்துக்குது. நோவு கீவு எதுனா ஒட்டிக்கினு வந்திருந்தா?"

இன்னாசியம்மாள் இதை யோசிக்கவில்லை. நியாயம்தான். புழு மனைக்கென்று சட்டம் இருக்கிறது. செருப்போடு வரக்கூடாது. வாசலில் பிளீச்சிங் தண்ணியில் நனைத்துப் போட்ட சாக்கை மிதித்துத்தான் வரவேண்டும். பூ வைத்துக்கொண்டு, சாம்பிராணி பிடித்துக்கொண்டு, கருவாடு தின்றுவிட்டு வரக்கூடாது. மாதாவே ஆனாலும் வெளியிலிருந்து வந்தவள்தானே. இன்னாசியம்மாள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பெட்டியின் அடியைப் பிளீச்சிங் தண்ணியில் துடைத்து, கண்ணாடியைத் திறந்து மாதாவின் தோள்மேல் சுண்ணாம்புத் தூளைத் தூவி, உள்ளே முக்காலியில் வைத்தாள். மெழுகுவர்த்தி இல்லை, புகை ஆகாது. பூ இல்லை, வாசம் ஆகாது.

உபதேசியார் ராயப்பன் ஜெபமாலை சொல்ல வந்தார். அவர் புகையிலை போடுகிறவர்.

"நீங்க உள்ள வரக்கூடாதுங்க" என்றாள் இன்னாசியம்மாள், வாசலில் கட்டியிருந்த ஈ வலைக்கு அந்தப் பக்கமிருந்து.

"நான் உபதேசியாரும்மா."

"அது இருக்கட்டுங்க. உங்க வாயில இருக்கறதுக்கு ஒரு தட்டுப் புழு சுருண்டுரும்."

அன்றைக்குக் கொட்டாயே குடை பிடித்துக்கொண்டு மழையில் நின்று ஜெபமாலை சொல்லியது. உள்ளிருந்து புழு தின்கிற சத்தம், வெளியே மழைச் சத்தம். எது எந்தச் சத்தம் என்று தெரியாமல் எல்லோரும் இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னார்கள்.

மறுநாள் மாலை மாதா போகவேண்டிய வீடு ராணியம்மாள் வீடு. நாலு தப்படி தள்ளி, வரப்புக்கு அந்தப் பக்கம். இன்னாசியம்மாள் மாதாவைக் கொடுக்கவில்லை.

"இன்னிக்கு ஆவாதுங்க" என்றாள் வலைக்குப் பின்னால் நின்று. "புழு பழுக்கட்டும். அப்புறம் தர்றேன்."

உபதேசியார் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னாசியம்மா, மாதா என்னா உரமா? போட்டுட்டு வெளைஞ்சிச்சான்னு பாக்கறதுக்கு?"

"நீங்க உள்ள வந்து எடுத்துக்கினு போங்க பாக்கலாம்."

அவரால் வரமுடியாது. புகையிலை. துப்பிவிட்டு வாய் கொப்பளித்து வந்தார், அப்போதும் வாசம் போகவில்லை. கொட்டாயில் வேறு யாரும் அடுத்தவர் புழு மனைக்குள் காலை வைக்க மாட்டார்கள். எல்லோரும் ஒரு காலத்தில் புழு வளர்த்தவர்கள். மனைச் சட்டம் தெரியும். ஆக, மாதா உலகத்திலேயே பத்திரமான இடத்தில் இருந்தாள்.

அதற்கும் அடுத்த நாளும் கொடுக்கவில்லை. புழுக்கள் தின்றன. இன்னாசியம்மாள் தட்டுகளுக்கு நடுவே நின்றுகொண்டு மாதாவிடம் பேசினாள். "கானாவூரு கல்யாணத்துல திராட்சை ரசம் இல்லைன்னு நீதானம்மா மகன்கிட்ட போயிச் சொன்னே. இங்க தழை இல்லை. போயிச் சொல்லு." மாதா சுண்ணாம்புத் தோளோடு நின்றாள். மேல் வரிசைத் தட்டில் இருந்த புழு ஒன்று தவறிப் பெட்டி மேல் விழுந்து, கண்ணாடியில் ஊர்ந்து, இறங்கிப் போயிற்று.

அதற்கு மறுநாள் காலை ராணியம்மாளே வந்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது. உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு, வலைக்கு ஓரடி தள்ளியே நின்றாள்.

அந்த ஓரடிக்கு ஒரு கதை இருக்கிறது. ராணியம்மாள் புருசன் பங்கிராஸ் தை மாதம் செத்துப்போனார். கொட்டாயின் பட்டுக்கூட்டையெல்லாம் மூட்டை கட்டி டிவிஎஸ்ஸில் வைத்துத் தர்மபுரி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகிறவர். அவர் பாடிக்கொண்டு போனால் வழியில் மூட்டைக்குள் புழு மறுபடி கூடு கட்ட ஆரம்பித்துவிடும், எடை கூடிவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. புழு பழுத்த நாளில் இந்த இரண்டு வீடும் ஒரே வீடு. ராணியம்மாள் இங்கே வந்து பொறுக்குவாள், இன்னாசியம்மாள் அங்கே போய்ப் பொறுக்குவாள், மத்தியானம் ஒரே சட்டிச் சோறு. பங்கிராஸ் போன பிறகு ராணியம்மாள் புழுவை விட்டுவிட்டாள். சாவு வீட்டு ஆள் புழு மனைக்கு வரக்கூடாது என்பதும் மனைச் சட்டம்தான். முதலில் நாற்பதாம் நாள் பூசை வரைக்கும் என்று இருந்தது. பிறகு இந்த பேட்ச் முடியட்டும் என்று ஆயிற்று. பிறகு யாரும் ஒன்றும் சொல்லாமலே அப்படியே நின்றுவிட்டது.

"வாக்கா" என்றாள் இன்னாசியம்மாள், வலையைத் தூக்காமல்.

"வரலை. நான் எங்க வர்றது. மாதாவைப் பாக்கலாம்னு வந்தேன். இங்கேர்ந்தே தெரியுதா?"

"தெரியும். கொஞ்சம் இடப்பக்கமா வா."

ராணியம்மாள் நகர்ந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏன்டி, மாதாவுக்கு என்னாடி பவுடரு போட்டு வெச்சிருக்கே?"

"சுண்ணாம்பு. நோவு வராம இருக்க."

"மாதாவுக்கா?"

"புழுவுக்குக்கா."

ராணியம்மாள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. சாக்கைச் சரி செய்துகொண்டு சொன்னாள்.

"முந்தாநாளு பயறு ஊறப்போட்டேன். முளை வுட்டுருச்சு. நேத்து மறுபடியும் போட்டேன். வூட்டுக்குச் சுண்ணாம்பு அடிச்சேன், நானேதான் ஏணி வெச்சி. அந்த மனுசன் போனதுலேர்ந்து எங்க வூட்டுக்கு ராத்திரி தங்கறதுக்குன்னு யாரும் வரலை இன்னாசி. மாதாவாவது வருவாளேன்னு… வருசத்துல ஒரு ராத்திரி. பேச்சுத் துணைக்கு."

இன்னாசியம்மாளுக்குப் பின்னால் புழு தின்றுகொண்டிருந்தது.

"வெச்சுக்க, பரவால்ல" என்றாள் ராணியம்மாள். "உனுக்குப் பெரிய கஷ்டம். சவரி அண்ணன் விசிலு ஊதறது எங்க வூட்டுக்குக் கேக்குது. தழை இருக்குதா?"

"இன்னிக்கு சாயங்காலத்தோட சரிக்கா."

"எங்க தோட்டத்துல இருக்குதே."

"உங்க தோட்டத்துலயா? நீதான் புழுவை வுட்டுட்டியே."

"புழுவைத்தான வுட்டேன். செடியைப் புடுங்க மனசு வரலை. ஆட்டுக்கு அறுக்கறேன். அறுக்க அறுக்கத் தழையுது, ஆடு எவ்ளோதான் தின்னும்? இளந்தழையா நிக்குது. உனுக்குச் சொல்லணும்னு வரப்பு வரைக்கும் வருவேன். சாவு வூட்டுத் தழைன்னு நீ எதுனா நெனைச்சிக்குவியோன்னு திரும்பிப் போயிடுவேன்."

இன்னாசியம்மாள் திரும்பி மாதாவைப் பார்த்தாள். மாதா எப்போதும் நிற்கிற மாதிரிதான் நின்றாள். மூணு நாளாக எதைக் கேட்டுக்கொண்டிருந்தாளோ அது மூணு நாளாக வரப்புக்கு அந்தப் பக்கம் மழையில் நனைந்துகொண்டு நின்றிருக்கிறது. இவள் வலையைக் கட்டிக்கொண்டு உள்ளே இருந்திருக்கிறாள்.

உள்ளே போனாள். முந்தானையால் மாதாவின் தோளிலிருந்த சுண்ணாம்பைத் துடைத்தாள். பெட்டியை இடுப்பில் எடுத்து வைத்துக்கொண்டு, வலையைத் தூக்கி வெளியே வந்தாள்.

"ஏங்க!" என்று வீட்டைப் பார்த்துக் கத்தினாள். "குடை எடுத்தாங்க! மாதா போறா!"

"புழு பழுத்துருச்சா?" என்று சவரி ஓடிவந்தார்.

"இல்லை."

"அப்புறம் ஏன் புள்ள குடுக்கறே?"

"குடைய புடிங்கன்னா."

அன்றைக்கு மாதாவுக்கு உபதேசியாரும் இல்லை, பாட்டும் இல்லை. சவரி குடை பிடிக்க, இன்னாசியம்மாள் தூக்க, ராணியம்மாள் முன்னால் வழி காட்டிக்கொண்டு போனாள், வழி தெரியாத யாரோ போல. திரும்பும்போது மூன்று பேர் தலையிலும் மல்பெரித் தழைக் கட்டு இருந்தது. ராணியம்மாள் தன் கட்டை வலைக்கு வெளியே இறக்கிவிட்டுப் போய்விட்டாள்.

அன்று முழுக்கத் தழை துடைத்தார்கள். சாயங்காலம் தட்டுத் தட்டாகத் தூவினார்கள். சத்தம் எழுந்தது. முக்காலி காலியாக இருந்தது. இன்னாசியம்மாள் வேலைக்கு நடுவே இரண்டு தடவை அந்தப் பக்கம் திரும்பிப் பேசப்போய், யாரும் இல்லையென்று நினைவு வந்து நிறுத்தினாள். மூணாவது தடவை நிறுத்தவில்லை. யாரும் இல்லாத முக்காலியைப் பார்த்தே பேசினாள். "தழை வந்துருச்சு ஆண்டவரே. அதை நீதான் அனுப்புனேன்னு எனுக்குத் தெரியும். மிச்சத்தை உன் இஷ்டத்துக்கு வுட்டுட்டேன். ஓசூருக்குப் போவணும்னா அங்கயும் வருவியா? வருவே. மூணாவது மாடி, லிஃப்ட்டு கிடையாது, பாத்துக்க."

காலையில் விழித்தபோது நேரமாகிவிட்டிருந்தது. ஏன் நேரமானது என்று முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. எழுப்புகிற சத்தம் இல்லை.

கூரையில் மழை பெய்துகொண்டிருந்தது. அதற்குள்ளே எப்போதும் கேட்கிற இன்னொரு மழை நின்றிருந்தது.

சவரி ஏற்கனவே எழுந்து புழு மனை வாசலில் நின்றிருந்தார். உள்ளே போகவில்லை. "சத்தமே இல்லை புள்ள" என்றார். அவர் முகம் இரண்டு குழி வெட்டிய முகம். "நீ இரு. நான் போயிப் பாத்துட்டு வர்றேன்."

"நான் போறேன்" என்றாள்.

சாக்கை மிதித்தாள். வலையைத் தூக்கினாள். உள்ளே கண் பழக நேரமாயிற்று. வெறும் முக்காலி. தட்டுகளில் நேற்றைய தழை பாதி தின்னாமல் கிடந்தது. "இருக்கியா?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு முதல் தட்டில் குனிந்தாள்.

தட்டு முழுக்கப் புழுக்கள் தலையைத் தூக்கியிருந்தன. பூசையில் அப்பத்தை உயர்த்தும்போது மணியடித்ததும் சனமெல்லாம் நிமிர்ந்து பார்க்குமே, அந்த மாதிரி. ஒன்றை எடுத்து வாசல் வெளிச்சத்தில் பிடித்தாள். தேன் நிறம். விரல் ஊடே தெரிந்தது. அது அவள் நகத்தில் ஒரு இழையை ஒட்டவைத்துவிட்டு, அடுத்த விரலுக்கு இழுத்தது.

"என்னா புள்ள?" என்றார் சவரி வெளியிலிருந்து.

அவள் கையை மட்டும் வலைக்கு வெளியே நீட்டினாள். சவரி பார்த்தார். பார்த்துவிட்டு இடுப்பிலிருந்த விசிலை எடுத்து ஊது ஊதென்று ஊதினார். கோழிகள் வந்து வரிசையில் நின்றன. யாரும் கவனிக்கவில்லை.

எல்லாத் தட்டும் ஒரே நாளில் பழுத்திருந்தது. பொழுது சாய்வதற்குள் பொறுக்கிச் சந்திரிகையில் விட்டாக வேண்டும். இரண்டு பேரால் ஆகிற வேலையில்லை. இன்னாசியம்மாள் வரப்பில் நின்று கத்தினாள்.

"ராணியக்கா! பழுத்துருச்சு! வா!"

ராணியம்மாள் ஈரக் கையோடு ஓடிவந்தாள். வலைக்கு ஓரடி தள்ளி வந்ததும் கால் தானாக நின்றது.

"நான் வரலாமா?" என்று கேட்டாள்.

இன்னாசியம்மாள் வலையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சாக்கை மிதிச்சிட்டு வா. மாதாவையே கால் துடைச்சித்தான் வுட்டேன். உனுக்கு மட்டும் தனிச் சட்டமா?"

ராணியம்மாள் சாக்கில் ஒரு காலை வைத்தாள். மறு காலை வைத்தாள். கண்ணை முழங்கையால் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, ஒன்றும் கேட்காமல், முன்பெல்லாம் உட்காருகிற மூலையில் போய் உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தாள்.

சாயங்காலம் உபதேசியார் அடுத்த வீட்டுக்கு மாதாவை எடுத்துப் போக வந்தார். ராணியம்மாள் வீடு பூட்டியிருந்தது. இங்கே வந்து வலைக்கு வெளியே நின்று, "ராணியம்மா, சாவி குடு" என்றார்.

"இன்னிக்கு ஆவாதுங்க" என்றாள் ராணியம்மாள் மூலையிலிருந்து, கை நிற்காமல். "நானும் மாதாவும் இன்னும் பேசி முடிக்கலை."

உபதேசியார் உள்ளே வந்து வாங்கியிருக்கலாம். ஆனால் வாயில் புகையிலை.

அந்த நேரத்தில்தான் அரூர் பஸ் வளைவில் திரும்பியது. மழை கொட்டிக்கொண்டிருந்தது. புது டிரைவர்தான், ஆனாலும் அந்த ரூட்டில் வண்டிக்கே பழக்கம். கொட்டாயிலிருந்து புழு தின்கிற சத்தம் இல்லை என்றதும் வைப்பர் தானாக நின்றுவிட்டது.